மடங்கும் கத்தியும் மாலையான வாளும்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் இடையே, கிச்சனர் சாலையை ஒட்டி, 'நியூ வேர்ல்டு' என்னும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹொக் என்னும் சகோதரர் இருவர் 1923-இல் தொடங்கிய அப்பூங்கா 1987-இல் மூடப்பட்டது. இன்று அவ்விடத்தில் பேரங்காடி ஒன்று நிற்கிறது. பழைய வாயில் மட்டும் நினைவுச் சின்னமாகப் பேணப்படுகிறது. தமிழர் மிகுந்து வாழ்ந்த பகுதியின் விளிம்பில் அமைந்த அப்பூங்காவில் சீனக் கூத்தும், மலாய் பங்சாவானும், ரோங்கெங் ஆட்டமும், குத்துச்சண்டையும் ஒரே வேலிக்குள் நடந்தன. 1932-இல் தம் தமையன் சிட்னியுடன் கீழை நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்த சார்லி சாப்ளின், மூன்று இரவுகள் தொடர்ந்து நடந்த ஒரு சீன நாடகத்தை அங்கே கண்டார். இளவரசன் வேடம் தாங்கியவள் பதினைந்து வயதுச் சிறுமி. நாடகத்தின் மொழி சாப்ளினுக்குத் தெரியாது. ஆயினும் மூன்றாம் இரவின் முடிவில், நாடு கடத்தப்பட்ட இளவரசன் கதறியவாறு மேடையைவிட்டு நீங்கிய காட்சி தம் உள்ளத்தை உலுக்கியதென்றும், மொழி அறியாதிருப்பதும் சில வேளைகளில் நன்மையே என்றும் அவர் 1964-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

இந்நிகழ்ச்சி வெறும் செய்தியாகக் கடந்து செல்லத் தக்கதன்று. மேடையில் அவலத்தைக் கண்டு நெஞ்சு கலங்கிய இதே மனிதர்தாம், பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பிய மேடையின் புகழ்பெற்ற அவலக் கதையொன்றைக் கேலிப் படமாக்கி உலகைச் சிரிக்க வைத்தவர். அவலத்தை நையாண்டி செய்பவன் அவலத்தின் பகைவன் என்றே பலரும் கருதுகின்றனர். சாப்ளினின் மூன்று இரவுகள் அக்கருத்தை ஐயுறச் செய்கின்றன.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் என்பது பிறரை எள்ளுவதால் மட்டுமன்றித் தான் பிறரால் எள்ளப்படுவதாலும் பிறக்கும் என்று பேராசிரியர் உரை விரிக்கும். ஒரு பெருங்கதையின் நடையையும் போக்கையும் அப்படியே மேற்கொண்டு, உள்ளீட்டை மட்டும் மாற்றி நகை விளைவிக்கும் ஆக்கத்தைப் பகடி எனலாம். பகடியில் எள்ளுவோனும் எள்ளப்படுவோனும் ஒருவனே ஆகிவிடுகின்றனர். ஏனெனில், எள்ளப்படும் கதையை நெஞ்சில் சுமந்திராதவனுக்கு அதனை எள்ளவும் வராது. எள்ளக் கேட்டுச் சிரிக்கவும் வராது.

சாப்ளின் எள்ளியது 'கார்மென்' கதையை. மெரிமே எழுதிய பிரெஞ்சுக் குறுநாவலைத் தழுவி பிஸே 1875-இல் இசை நாடகமாக்கிய கதை அது. ஜிப்சிப் பெண்ணொருத்தியின்பால் மயங்கிய படைவீரன் கடமையை மறந்து, தோழர்களைத் துறந்து, ஈற்றில் அவள் காளைப்போர் வீரனை நாடிச் செல்லக் கண்டு அவளைக் குத்திக் கொல்கிறான். 1915-ஆம் ஆண்டில் இக்கதை அமெரிக்காவில் இருமுறை மௌனப் படமாயிற்று. அவற்றுள் ஒன்றில், செசில் டிமில் இயக்கிய படத்தில், நாயகியாக நடித்தவர் ஜெரால்டின் ஃபாரர். அவர் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை நாடகப் பாடகி. குரலால் பெயர் பெற்றவரைக் குரலே இல்லாத படத்தில் நடிக்கவைத்துப் பெருமை கொண்டாடிய காலம் அது. அப்பெருமையே பாதிக் கேலியாக இருந்தது. மீதிப் பாதியைச் சாப்ளின் நிறைவு செய்தார்.

நாயகன் டான் ஹோஸேயின் பெயரை, தைத்துப் போட்ட காலுறையை நினைவூட்டும் 'டார்ன் ஹோசியரி' எனத் திரித்துக்கொண்டு, எட்னா பர்வியன்ஸைக் கார்மெனாக்கி, அதே கதையை அதே வரிசையில் அவர் நடத்திச் செல்கிறார். வாட்போர் கோமாளிக் கூத்தாகிறது. காதல் பார்வை விழி பிதுங்கலாகிறது. இவையெல்லாம் அக்காலத்து எந்த நகைச்சுவை நடிகரும் செய்திருக்கக் கூடியவையே. படத்தைக் குறிப்பிடத்தக்கதாக ஆக்குவது இறுதிக் காட்சியாகும். கார்மெனை அவன் குத்தும் இடத்தில் சாப்ளின் நையாண்டியை அறவே நிறுத்திவிடுகிறார். முகத்தில் ஒரு கோணல் இல்லை. உடலில் ஒரு குலுக்கல் இல்லை. அவள் சாய்கிறாள், அவன் அவளைத் தாங்கிக்கொண்டே தன்னையும் குத்திக்கொண்டு வீழ்கிறான். அந்தச் சில கணங்களை மட்டும் தனியே வெட்டி எடுத்துக் காட்டினால், உண்மையான அவலப் படமொன்றின் முடிவென்றே எவரும் கொள்வர். அதன் பிறகே காளைப்போர் வீரன் வந்து வீழ்ந்து கிடப்பவனை உதைக்கிறான். இருவரும் எழுகின்றனர். கத்தியின் அலகு பிடிக்குள் மடங்கிப் போகும் நாடகக் கத்தி என்பதைச் சாப்ளின் கேமராவை நோக்கிச் சிரித்தபடி காட்டுகிறார்.

இக்காட்சியைப் பற்றி எழுதுவோர் பலரும் மடங்கும் கத்தியை மட்டுமே பாராட்டிச் செல்கின்றனர். அஃது எளிய தந்திரம். எந்த நாடகக் கொட்டகையின் பெட்டியிலும் கிடப்பது. பாராட்டத்தக்கது கத்தி மடங்குமுன் நிகழ்வது. பார்வையாளரை உண்மையாகவே கலங்கவைக்காமல் அந்தக் கலக்கத்தைக் கேலி செய்யவியலாது என்பதைச் சாப்ளின் உணர்ந்திருந்தார். அவர் எள்ளியது கார்மெனின் சாவை அன்று. சாவைத் திரும்பத் திரும்ப நடித்துத் தேய்த்துவிட்ட மேடை வழக்கத்தையே எள்ளினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, தேயாத வழக்கமொன்றை நியூ வேர்ல்டு மேடையில் கண்டபோது அவர் உள்ளம் கலங்கியது இயல்பே.

இப்படத்தின் வரலாற்றில் ஒரு துணைச் செய்தியும் உண்டு. சாப்ளின் இரண்டு சுருள்களில் முடித்துக் கொடுத்த படத்தை, அவர் எஸ்ஸனே நிறுவனத்தை விட்டு நீங்கிய பிறகு, அந்நிறுவனம் வேறு நடிகரைக் கொண்டு எடுத்த காட்சிகளைச் செருகி நான்கு சுருள்களாக நீட்டி 1916-இல் வெளியிட்டது. சாப்ளின் வழக்குத் தொடுத்துத் தோற்றார். நீட்டப்பட்ட படத்தில் நகைச்சுவை நீர்த்துப்போயிற்று. பகடிக்கு நீளம் பகை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

பிற மௌனப் பகடிகளை விரைந்து நோக்கலாம். எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் 1920-இல் ஜெர்மனியில் எடுத்த 'பனியில் ரோமியோவும் ஜூலியட்டும்' காதலர் கதையை மலை நாட்டுச் சிற்றூருக்குக் கொண்டு சென்றது, நஞ்சென்று மருந்துக்கடைக்காரர் கொடுப்பது சர்க்கரைத் தண்ணீர், காதலர் சாவதில்லை. அமெரிக்கரான சார்லி சேஸ் 1926-இல் நடித்த 'புரோமோ அண்ட் ஜூலியட்' படத்தில், ரோமியோவாக மேடையேறும் ஒல்லியான இளைஞன் தன் கால்களைப் பருமனாகக் காட்டக் காலுறைக்குள் பஞ்சு அடைத்துக்கொள்கிறான். அது நீரில் ஊறிவிடுகிறது. மடங்கும் கத்தி, இனிக்கும் நஞ்சு, ஊறும் பஞ்சு ஆகிய மூன்றும் மேடைப் பொருள்களே. ஷேக்ஸ்பியரின் சொல்லைத் தொடுவதற்கு மௌனப் படத்துக்கு வழியில்லை. ஆகவே அது சொல்லை விட்டுவிட்டு, சொல்லுக்குத் துணையாக நின்ற பொருள்களைப் பற்றிக்கொண்டது. அக்காரணத்தாலேயே அந்நகை மொழி எல்லைகளைக் கடந்தது. பல மொழியினர் அடுத்தடுத்து அமர்ந்து படம் பார்த்த சிங்கப்பூர் போன்ற துறைமுக நகரங்களுக்கு இத்தகைய நகை மிகப் பொருந்தியதாகும்.

இனித் தமிழ் மேடைக்கு வருவோர்க்கு ஒரு வினா எழும். இந்தியாவின் முதல் முழுநீள மௌனப் படமே ஓர் அவல நாடகக் கதைதான்: தாதாசாகிப் பால்கே 1913-இல் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'. தென்னாட்டின் முதல் மௌனப் படமான ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' பாரதக் கதை. மேடையில் மக்களை அழவைத்த கதைகளே வெள்ளித்திரைக்கு முதலில் வந்தன. அவ்வாறாயின், அவற்றை எள்ளும் படங்களும் மேலைநாட்டிற் போல உடன் வந்திருக்க வேண்டுமல்லவா? அவை ஏன் தமிழில் பேசும் படத்தின் காலம்வரை காத்திருந்தன?

விடை அரிச்சந்திரன் கதையிலேயே உள்ளது. அரிச்சந்திரனின் அறம் வாய்மை. வாய்மை வாயால் நிகழ்வது. மௌனப் படத்தில் அரிச்சந்திரன் வாய் திறந்தும் சொல் பிறப்பதில்லை. அவன் மெய் சொன்னான் என்பதை எழுத்துப் பலகைதான் அறிவிக்க வேண்டும். அழுகையைக் காட்டலாம், சுடுகாட்டைக் காட்டலாம், மெய்யுரைப்பதைக் காட்ட முடியாது. அதுபோலவே பொய்யுரைப்பதையும் காட்ட முடியாது. அரிச்சந்திரனைப் பகடி செய்ய விரும்புவோனுக்கு முதலில் தோன்றுவது அவனைப் பொய்யனாக்குவதே. பொய் சொல்வதற்குப் பேச்சு வேண்டும். கார்மென் கத்தியால் சாகிறாள். ஆகவே கத்தியை மடக்கினால் பகடி ஆயிற்று. அரிச்சந்திரனோ சொல்லால் துன்புறுகிறான். சொல் இன்றி அவனைத் தொட இயலாது.

அத்தகைய பகடியைத் தமிழில் எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவியவர்; 'மனோகரா'வின் ஆசிரியர்; ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' என்றும் மாக்பெத்தை 'மகபதி' என்றும் தமிழுக்குக் கொணர்ந்தவர். அரிச்சந்திரன் கதையையும் அவர் நாடகமாக்கினார். அவரே 1920-களில் அக்கதையைத் தலைகீழாக்கிச் 'சந்திரஹரி' என்று எழுதினார். பெயரை முன்பின்னாக மாற்றியது போலவே பண்பையும் மாற்றினார்: மெய்யன்றிப் பேசாத மன்னனுக்கு மாறாக, பொய்யன்றிப் பேசாத மன்னன். இந்நாடகம் 1941-இல் என்.எஸ். கிருஷ்ணன் நடிப்பில் பேசும் படமாயிற்று. அவல நாடகத்தை ஊன்றிக் கற்று எழுதியவரே அதன் பகடியையும் எழுதினார் என்பது சாப்ளினைப் பற்றிக் கூறியதற்கு அரண் செய்கிறது.

எனினும் 'சந்திரஹரி'யின் கற்பனைக்கு ஓர் எல்லை உண்டு எனல் வேண்டும். தலைகீழாக்கல் என்பது கணக்கு வழி நடப்பது. விதி இன்னதெனத் தெரிந்தவுடன் பார்வையாளர் அடுத்து வருவதைத் தாமே ஊகித்துக்கொள்வர். முதற் பொய்க்குப் பிறக்கும் சிரிப்பு பத்தாம் பொய்க்குப் பிறப்பதில்லை. மேலும், அரிச்சந்திரன் கதைக்குப் பின்னால் இருந்த உண்மையான துன்பத்தை அது தொடுவதில்லை. ராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு கண்ணீர் விட்டதைக் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் கூறுகிறார். அக்கண்ணீர் அவரை எங்கே கொண்டு சென்றது என்பதை நாடறியும். (சாப்ளின் 1931 செப்டம்பரில் லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்தார். கார்மெனை எள்ளியவரும் அரிச்சந்திரனுக்கு அழுதவரும் அன்று பேசியது இயந்திரங்களைப் பற்றியே.) வாய்மையை ஓர் இயக்கமாகவே நாடு கைக்கொண்டிருந்த ஆண்டுகளில் பொய்யரசனைப் படைப்பது துணிவான செயல். அத்துணிவுக்கு ஈடான ஆழம் அக்கற்பனையில் இல்லை.

தமிழ் மரபில் தனிப் பகடிகள் குறைந்திருப்பதற்கு மற்றொரு காரணமும் கூறலாம். தமிழ்க் கூத்தில் பகடி அவலத்துக்கு வெளியே நிற்பதில்லை, உள்ளேயே குடியிருக்கிறது. தெருக்கூத்தில் துரோபதையின் துகில் உரியப்படும்போதும் கட்டியங்காரன் மேடையில் நிற்கிறான். அரசனைப் பார்த்து அவன் கேட்கும் கேள்விகள் அரச கோலத்தின் மினுமினுப்பை உரித்துவிடுகின்றன. அரிச்சந்திரன் கதையிலும் விசுவாமித்திரர் ஏவிய நட்சத்திரேசன் கடனைத் தண்டுவதற்காக மன்னனின் பின்னாலேயே வருகிறான். கால் வலிக்கிறது, பசிக்கிறது, தூக்கிக்கொள் என்று தொல்லை தருகிறான். மக்கள் அவனைக் கண்டு சிரித்தனர். அவனால் மன்னன் படும் பாட்டைக் கண்டு அதே மூச்சில் அழுதனர். பின்னர் எழுந்த ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் இவ்விடத்தைப் பிடித்துக்கொண்டான். இவ்வாறு அவலத்துக்குள்ளேயே எள்ளலுக்கு இடம் ஒதுக்கிய மரபில், வெளியே நின்று எள்ளும் தனி நூலுக்குத் தேவை குறைவாக இருந்தது.

சிங்கப்பூரில் இம்மரபு தனித்து நிற்கவில்லை. பார்சி நாடகக் குழுக்கள் பம்பாயிலிருந்து பரப்பிய மேடை முறை தமிழ் நாடகத்துக்குத் திரைச்சீலையையும் காட்சியமைப்பையும் தந்தது போலவே, 1870-களில் பினாங்கை அடைந்து மலாய் பங்சாவானுக்கும் வித்திட்டது. பங்சாவான் குழுக்கள் ஹாம்லெட்டையும் லைலா மஜ்னுவையும் நடித்தன. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே 'எக்ஸ்ட்ரா டர்ன்' என்னும் பெயரில் பாட்டும் கோமாளி ஆட்டமும் வந்தன. ஹாம்லெட்டின் தந்தையின் ஆவி மறைந்த உடனே ஒரு கோமாளி வந்து ஆடினால் ஆங்கிலப் பேராசிரியர் முகம் சுளிப்பார். நியூ வேர்ல்டில் அமர்ந்திருந்தவர் சுளிக்கவில்லை. பபூனும் எக்ஸ்ட்ரா டர்ன் கோமாளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தமிழரும் மலாய்க்காரரும் ஒரே பூங்காவில் இருவேறு மொழிகளில் இருவேறு நாடகம் பார்த்தபோதும், அழுகைக்கும் சிரிப்புக்கும் இடையே ஏறி இறங்கும் தாளம் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது.

தமிழ் நாடகக் குழுக்கள் கப்பலேறி வந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரிச்சந்திரனை நடித்த காலத்துப் பார்வையாளர் யாவர் என்பதையும் எண்ண வேண்டும். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கடன்பட்டவன் ஊரை விட்டு நீங்குவதும், தரகன் ஒருவன் கூடவே வருவதும், மனைவியும் மகனும் ஓரிடத்திலும் கணவன் வேறிடத்திலும் வேலைக்குப் போவதும் புராணக் கற்பனையாக அவர்களுக்குத் தோன்றியிருக்குமா? காசி நகர்ச் சந்தையில் சந்திரமதி விலை கூறப்படும் காட்சியில் எழுந்த விம்மல், தமிழகத்து நடுத்தரக் குடும்பங்கள் சபா நாடகங்களில் விட்ட கண்ணீரினின்று வேறுபட்டது எனக் கொள்வதில் தவறில்லை. அத்தகைய அவையில் நட்சத்திரேசனைப் பார்த்துச் சிரிப்பது கங்காணியைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒப்பாகும். அது சாதாரணச் சிரிப்பன்று. 'சந்திரஹரி'யின் பொய்யரசனுக்கு இவ்வகைச் சிரிப்பைத் தரும் ஆற்றல் இல்லை.

அவ்வாற்றல் உள்ள பகடி 1949-இல் வந்தது. அண்ணாதுரை எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'நல்ல தம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபமே அது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கதாகாலட்சேபமாகவும் நாடகமாகவும் தமிழ்நாட்டை ஆண்டது. 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராயினர். நந்தன் தில்லையைக் காணத் துடிக்கிறான். ஆண்டை வேதியர் நாற்பது வேலி நிலத்து வேலையை ஓரிரவில் முடிக்கச் சொல்கிறார். தெய்வம் முடித்துத் தருகிறது. தில்லையை அடைந்தவன் தீயில் மூழ்கி எழுந்தே உள்ளே செல்கிறான். பக்தியுடையோர்க்கு இது முத்தி. சாதிக் கொடுமையை எண்ணுவோர்க்கு இதனினும் பெரிய அவலம் வேறில்லை. ஊருக்குத் திரும்பாத மனிதன் ஒருவனின் கதையே அது.

நந்தனுக்கு ஓரெழுத்தை மாற்றிக் கிந்தன் என்று பெயரிட்டார் கிருஷ்ணன். கிந்தன் விரும்புவது தில்லை தரிசனத்தை அன்று; பட்டணத்துப் படிப்பை. காலட்சேபப் பாகவதரின் கோலம், பின்பாட்டு, நீட்டி முழக்கும் வசனம், இடையிடையே ஒரு உபகதை என எல்லாம் மூலத்தின்படியே நடக்கின்றன. பாகவதர் மரபைக் கேட்டு வளர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் முதலில் ஏமாந்து போவர். சாப்ளின் சாவுக் காட்சியை உண்மையாகவே நடித்தது போல, கிருஷ்ணனும் காலட்சேபத்தை உண்மையாகவே நடத்துகிறார். உருவத்தை அவர் குலைக்கவில்லை. உள்ளே வரும் பொருள்கள் மட்டும் வேறு. தில்லைக்குச் செல்லும் வழியின் இடத்தில் ரயில் வண்டி வருகிறது. எல்லாச் சாதியினரையும் ஒரே பெட்டியில் ஏற்றிச் செல்லும் அவ்வண்டியைக் கிருஷ்ணன் தாளத்தாலும் சொல்லாலும் ஓட்டிக் காட்டும் பகுதி தமிழ் நகைச்சுவையின் சிகரங்களுள் ஒன்றாகும். கண்ணால் காண்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஒரு மனிதன் நின்றுகொண்டு பாடுகிறான். ரயில் முழுவதும் காதில் ஓடுகிறது. இதனை மௌனப் படமாக எவராலும் எடுத்திருக்க முடியாது.

'சந்திரஹரி'க்கும் 'கிந்தனா'ருக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகும். முன்னது தலைகீழாக்குகிறது, பின்னது இடம் மாற்றி நிரப்புகிறது. அரிச்சந்திரனைப் பொய்யனாக்கியதால் உலகில் எதுவும் மாறிவிடவில்லை. நந்தன் தீக்குள் இறங்கிய இடத்தில் கிந்தன் ரயிலேறுகிறான். படித்து உயர்ந்து ஊர் திரும்புகிறான். மூலத்தின் முடிவை ஏற்க மறுக்கும் அந்தத் திரும்பலே பகடியின் உயிர். நந்தனுக்காக அழுதவர் மட்டுமே கிந்தன் திரும்பி வரும்போது முழு மகிழ்ச்சியோடு சிரிக்க முடியும். நந்தனை இழிவுபடுத்தும் சொல் கிந்தனாரில் இல்லை என்பதும் கருதத்தக்கது. எள்ளப்படுவது நந்தனைத் தீக்குள் அனுப்பிவிட்டுக் கண்ணீர் மல்கப் பாடிக்கொண்டிருந்த அவையே.

சிங்கப்பூரில் இப்பகடிக்கு ஏற்ற செவிகள் முன்பே உருவாகியிருந்தன. பெரியார் 1929-இன் இறுதியில் மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரிலும் உரையாற்றினார். சாப்ளின் வந்த அதே 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். புராண நாடகத்தைக் கேள்வி கேட்பது இங்கே புதுமையாக இருக்கவில்லை. அதே வேளையில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குத் தீமிதி நேர்ந்தோர் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்தனர், இன்றும் நடக்கின்றனர். தீயில் இறங்கும் நேர்த்தியும் தீயைக் கேள்வி கேட்கும் பகுத்தறிவும் ஒரே தெருவில் எதிரெதிரே வாழ்ந்த ஊர் இது. 'கிந்தனா'ரைச் சுவைக்க இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழாசிரியர்கள் இங்கு எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. இன்றைய மாணவருக்குக் கிந்தனார் பகுதியைத் திரையிட்டுக் காட்டினால் அவர்கள் சிரிக்கின்றனர். ரயிலின் ஓசைக்கும் கிருஷ்ணனின் முகத்துக்கும் சிரிக்கின்றனர். நந்தனாரை அறியாதவர்க்கு அது தனித்த நகைச்சுவையாகவே அமைகிறது; எதனையும் மறுத்துரைப்பதாக அமைவதில்லை. பாகவதரின் நீட்டல் அவர்களுக்குக் கேலியாகத் தோன்றாது, ஏனெனில் கேலி செய்யப்படாத நீட்டலை அவர்கள் கேட்டதில்லை. 'சந்திரஹரி'யின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பொய்யரசன் ஒருவனைப் பற்றிய கதையாக மட்டும் அது சுருங்கிவிடும். மூலம் மறையும்போது முதலில் சாவது பகடிதான். மூலம் நூலகத்திலாவது கிடக்கும். பகடிக்கு நூலகம் போதாது, நினைவு வேண்டும்.

நந்தனார் சரித்திரத்தைப் பக்தி இலக்கியம் என்ற தலைப்பிலும் கிந்தனாரைத் திரைப்படம் என்ற தலைப்பிலும் வேறு வேறு ஆண்டுகளில் கற்பிக்கும் முறை இவ்விடர்ப்பாட்டைப் பெருக்குகிறது. இரண்டையும் ஒரே வாரத்தில், நந்தனை முதலிலும் கிந்தனை அடுத்தும் வைத்துக் கற்பித்தால் மாணவரின் சிரிப்பு எவ்விடத்தில் எழுகிறது என்பது மாறும். நாற்பது வேலி நிலத்து வேலையைக் கேட்டுத் திகைத்தவன், கிந்தன் ஆண்டையிடம் விடை கேட்டு நிற்கும் இடத்தில் முதலில் அமைதியாவான், பிறகே சிரிப்பான்.

மறுபடியும் மடங்கும் கத்திக்கு வரலாம். கார்மென் கதையை அறியாத மாணவனும் சாப்ளினின் இறுதிக் காட்சியில் கலங்கிப் பின் சிரிக்கிறான். கத்தி என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அரிச்சந்திர நாடகத்தின் முடிவிலும் ஒரு வாள் ஓங்கப்படுகிறது. காசி மன்னன் ஆணையால் தன் மனைவியை வெட்ட அரிச்சந்திரன் ஓங்கிய வாள் மலர்மாலையாகிறது. மேலைநாட்டார் கத்தியை மடக்கிப் பெற்ற விடுதலையைத் தமிழ் மேடை மூலக்கதைக்குள்ளேயே வைத்திருந்தது; ஆகவே அங்கே மடக்குவதற்குக் கத்தி இல்லை. நந்தனின் தீயோ மாலையாகவில்லை. கிருஷ்ணன் கை வைத்தது அந்தத் தீயின்மேல். நியூ வேர்ல்டில் சாப்ளின் மொழி தெரியாமலே அழுதார். கிந்தனாருக்கு மொழி தெரியாமல் ஒருவரும் சிரித்துவிட முடியாது. மொழி தெரிந்தும் நந்தனைத் தெரியாத தலைமுறை இப்போது வகுப்பறையில் அமர்ந்திருக்கிறது.